கூண்டின் கம்பியும் படத்தின் சட்டகமும்: சிறைப்பட்ட விலங்குகளின் புகைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத்தில் யதார்த்தம் பற்றிய விவாதங்கள் தமிழிலே தீவிரமாக நடைபெற்ற காலங்களில் இரு தரப்பினரும் அடிக்கடி எடுத்தாண்ட உவமை புகைப்படமாகும். வாழ்க்கையை அப்படியே படம்பிடித்துக் காட்டுகிறது என்று ஒரு நாவலைப் பாராட்டியவர்களும் உளர். அது வெறும் புகைப்படப் பிரதியாக நின்றுவிட்டது என்று அதே நாவலைக் குறைகூறியவர்களும் உளர். முடிபுகள் வேறுபட்டபோதிலும், கமரா தன் முன்னால் உள்ளதை உள்ளவாறே பதிவு செய்யும் என்ற எடுகோள் இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது. யதார்த்தவாதத்தையும் இயற்பண்புவாதத்தையும் வேறுபடுத்தி நோக்கும் திறனாய்வு மரபினர் அவ்வெடுகோளைத் தனியே பரிசீலித்தல் பயனுடையதாகும்.

அப்பரிசீலனைக்கு வாய்ப்பான துறையாக வனவிலங்குப் புகைப்படத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். மிருகக்காட்சிச்சாலைகளிலும் தனியார் பண்ணைகளிலும் அடைக்கப்பட்டுள்ள விலங்குகளையும், பழக்குநரின் கையிலிருந்து பறந்து மீண்டும் அக்கைக்கே திரும்பப் பயிற்றப்பட்ட வல்லூறு, ஆந்தை முதலான வேட்டைப் பறவைகளையும் படம்பிடித்து, அவற்றைக் காட்டில் வாழ்வன போலக் காட்டும் வழக்கம் இத்துறையிலே நெடுங்காலமாக உண்டு. இதனைக் கண்டிப்போர் பெரும்பாலும் தனிமனித நேர்மையை அடிப்படையாகக் கொண்டே கண்டிக்கின்றனர். படம்பிடித்தவர் பொய் சொன்னாரா என்பதே அவர்கள் எழுப்பும் வினா. அவ்வினா நியாயமானதே, ஆயினும் அதனோடு நின்றுவிட முடியாது. இப்படங்களிலே மறைக்கப்படுவது யாது? அதனை மறைக்க வேண்டிய தேவை எக்காலத்தில், எத்தகைய சமூக நிலைமைகளில் எழுந்தது? மறைத்தலினால் விளைந்தது யாது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் இப்படங்களை மதிப்பிடுதல் இயலாது என்பது நமது கருத்தாகும்.

2

சிறைப்பட்ட விலங்கின் புகைப்படம் தொடக்கத்திலே தன் சிறையை மறைக்கவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 1852இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மொன்டிசோன் பிரபு எடுத்த நீர்யானைப் படம் இவ்வகையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. ஒபேய்ஷ் எனப் பெயரிடப்பட்ட அந்நீர்யானை தன் குளத்தின் ஓரத்திலே படுத்திருக்கின்றது. அதன் பின்னால் இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. கம்பிகளுக்கு அப்பால் பார்வையாளர்கள் நெருக்கியடித்து நின்று உள்ளே பார்க்கின்றனர். கமரா விலங்கின் பக்கத்தில் நிற்பதனால், கூண்டுக்குள் இருப்பவர் எவர் என்ற மயக்கங்கூட ஒருகணம் தோன்றும்.

இவ்விலங்கு 1849இல் நைல் நதியிலே பிடிக்கப்பட்டது. எகிப்தின் ஆட்சியாளர் அபாஸ் பாஷா, வேட்டை நாய்களைப் பெற்றுக்கொண்டு அதனைப் பிரித்தானியத் தூதுவர் மறேயிடம் கொடுத்தார். 1850 மே மாதத்தில் அது இங்கிலாந்தை வந்தடைந்தது. பண்டமாற்றின் மூலம் பெறப்பட்ட இவ்வுயிர், பேரரசின் கை எவ்வளவு தூரம் நீளக்கூடியது என்பதற்குத் தலைநகரிலே நிறுத்தப்பட்ட நிரூபணமாகும். அத்தகைய நிரூபணத்துக்குக் கம்பிகள் இன்றியமையாதவை. உடைமையைப் பெருமையாகக் கருதும் வர்க்கம் உடைமையின் அடையாளத்தை மறைப்பதில்லை. 1887இல் மைபிரிட்ஜ் வெளியிட்ட, 781 தகடுகள் கொண்ட ‘விலங்கு இயக்கம்’ என்ற தொகுதியிலும் இதே வெளிப்படைத்தன்மையைக் காணலாம். பிலடெல்பியா மிருகக்காட்சிச்சாலையின் விலங்குகள் பலவற்றை அவர் படம்பிடித்தார். படங்களின் பின்புலத்திலே சதுரக் கோடுகள் வரையப்பட்ட திரைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆய்வுக்காக நிறுத்தப்பட்ட விலங்கு ஆய்வுக்காக நிறுத்தப்பட்டதாகவே காட்சியளிக்கின்றது.

கம்பிகள் மறையத் தொடங்கியது பின்னரேயாகும். அதனைச் சாதித்தவர் ஹம்பேர்க் நகரின் விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக். கம்பிகளுக்குப் பதிலாகப் பார்வையாளரின் கண்ணிற் படாத அகழிகளை வெட்டி, செயற்கைப் பாறைகளை அமைத்து, சிங்கமும் மானும் ஒரே நிலத்திலே திரிவது போன்ற தோற்றத்தை உருவாக்கும் முறைக்கு அவர் 1896இல் காப்புரிமை பெற்றார். 1907இல் ஸ்டெலிங்கனிலே திறந்த விலங்குப் பூங்காவில் அதனை நடைமுறைப்படுத்தினார். அகழிக்கு இப்பால் நின்று எடுக்கப்படும் படத்திலே கம்பி விழாது. ஆகவே, இன்று வில்லையும் கோணமும் செய்யும் வேலையைக் கட்டடக்கலை முதலிலே செய்து கொடுத்தது எனலாம்.

ஹாகன்பெக் குடும்பத்தின் வணிகம் நம் நாட்டையும் தொட்டு நின்றது. கார்லின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் இலங்கையிலே தங்கி விலங்கு வணிகம் நடத்தியவர். இன்றைய தெகிவளை மிருகக்காட்சிச்சாலை 1920களின் இறுதியில் அவர் ஏற்படுத்திய விலங்குத் தொகுதியிலிருந்தே தோன்றியது. அவரது கம்பனி கலைக்கப்பட்ட பின்னர் 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. இதனினும் முக்கியமானது, 1880களில் இலங்கை மக்களையும் யானைகளையும் ஒருங்கே ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று ஹாகன்பெக் நிறுவனம் காட்சிப்படுத்தியமையாகும். குடியேற்ற நாட்டு மனிதனும் விலங்கும் ஒரே வேலிக்குள், ஒரே நுழைவுச்சீட்டுக்கு, ஒரே வகையான பார்வைக்கு உட்படுத்தப்பட்டனர். வேலியற்ற காட்சி என்பது எத்தகைய மனிதாபிமானத்திலிருந்து பிறந்தது என்பதை எடைபோட இச்செய்தி உதவும்.

கம்பிகளை மறைக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது? கைத்தொழில் நகரங்கள் விரிந்து, காடுகள் தோட்டங்களாகவும் சுரங்கங்களாகவும் மாற்றப்பட்டபோது, தன்னால் அழிக்கப்படாத இயற்கை எங்கோ எஞ்சியிருக்கின்றது என்ற நம்பிக்கை நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு ஆறுதலாயிற்று. விலங்குகள் மனிதனின் அன்றாட வாழ்விலிருந்து அகற்றப்பட்ட காலமே மிருகக்காட்சிச்சாலைகள் பெருகிய காலமுமாகும் என்று ஜோன் பேர்ஜர் 1977இல் வெளியான தமது கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவர் கூறியவற்றோடு நாம் ஒன்றைச் சேர்க்கலாம். விலங்கு எவ்வளவுக்கு அரிதாயிற்றோ, அவ்வளவுக்கு அதன் ‘காட்டுத்தன்மை’ விலைபெறும் பண்டமாயிற்று.

பண்டைத் தமிழ்க் கவிதையியலின் கருப்பொருட் கோட்பாடு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அங்கு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டன. பாலைக்குரிய பருந்தும் கழுகும் ஆறலைகள்வரின் வாழ்க்கையோடு சேர்த்தே உணரப்பட்டன. மனித உழைப்புக்கு வெளியே தூய இயற்கை என ஒன்று இருப்பதாக அக்கோட்பாடு கருதவில்லை. அத்தகைய எண்ணம் இயற்கையோடு தான் கொண்டிருந்த உறவை இழந்துவிட்ட ஒரு சமுதாயத்தின் கருத்துநிலையாகும்.

3

மறைத்தலின் விளைவு எத்தகையது என்பதற்குத் தஸ்மேனியாவின் தைலசீன் பற்றிய படமொன்று தக்க உதாரணமாகும். முதுகிலுள்ள கோடுகள் காரணமாகத் தஸ்மேனியப் புலி எனவும் அழைக்கப்பட்ட இவ்விலங்கு, கங்காருவைப் போலத் தன் குட்டியைப் பையிற் சுமக்கும் இனத்தைச் சேர்ந்த ஊனுண்ணியாகும். 1825இல் இலண்டனிலே நிறுவப்பட்ட வான் டீமன்ஸ் லாண்ட் கம்பனி, செம்மறியாடு வளர்த்துக் கம்பளி ஏற்றுமதி செய்யும் நோக்குடன் தீவின் வடமேற்கிலே பெரும் நிலப்பரப்பைப் பெற்றது. 1828இல் கேப் கிறிம் என்னுமிடத்தில் அக்கம்பனியின் இடையர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றனர். 1830இல் அதே கம்பனி தைலசீனின் தலைக்கு விலை வைத்தது. 1888 தொடக்கம் 1909 வரை தஸ்மேனிய அரசாங்கமே வளர்ந்த விலங்கொன்றுக்கு ஒரு பவுண் வீதம் பரிசளித்தது. அக்காலப் பகுதியில் 2184 பரிசுகள் வழங்கப்பட்டமையைப் பதிவுகள் காட்டுகின்றன. நிலத்தைப் பறித்த மூலதனம் அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்தவர் அனைவரையும் குற்றவாளிகளாக்கிற்று.

1921இல் ஹரி பரெல் என்பவர் எடுத்த படமொன்று அவுஸ்திரேலிய அரும்பொருட்சாலையின் சஞ்சிகையில் வெளிவந்தது. வாயிலே கோழியொன்றைக் கௌவிய தைலசீன் புதர்களின் நடுவே நிற்பதை அது காட்டுகின்றது. கோழி திருடும் விலங்கு என்பதற்குக் கண்கண்ட சாட்சியம் போல இப்படம் பல வெளியீடுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. ஆயின் படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டப்படாத வடிவத்திலே வேலியும் அடைப்பும் தெரிகின்றன. அவ்விலங்கு பதப்படுத்திய உடலே என்று ஓர் ஆய்வாளர் வாதிட்டுள்ளார். மிருகக்காட்சிச்சாலையிலிருந்த உயிருள்ள விலங்கே என்று மற்றோர் ஆய்வாளர் மறுத்துள்ளார். இவ்விரண்டில் எது சரியாயினும், காட்டிலே கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனின் படமாக அது இருக்க முடியாது. அடைப்புக்குள் இருக்கும் விலங்கின் வாய்க்குக் கோழி எவ்வாறு வந்தது என்ற வினாவுக்கு விடை, வெட்டி நீக்கப்பட்ட அந்த ஓரத்திலேயே இருக்கின்றது.

இங்குக் காலவரிசையை நாம் கவனித்தல் வேண்டும். 1921இல் அரசாங்கப் பரிசுத் திட்டம் முடிவடைந்து 12 ஆண்டுகளாகியிருந்தன, விலங்கும் அருகிவிட்டது. எனவே படமே இனத்தை அழித்தது என்று கூறுதல் மிகையாகும். தண்டனை நிறைவேற்றப்பட்ட பின்னர் தயாரிக்கப்பட்ட சாட்சியம் என்று இதனைக் கூறுவது பொருந்தும். மந்தைகளின் இழப்புக்குக் கட்டாக்காலி நாய்களும் மோசமான பராமரிப்பும் பெருங் காரணங்களாயிருந்தன என்று பிற்கால ஆய்வாளர் சுட்டியுள்ளனர். 2011இல் வெளியான தாடையமைப்பு ஆய்வொன்று, வளர்ந்த செம்மறியாட்டளவு இரையைக் கொல்லுதற்கேற்ற வலிமை அவ்விலங்குக்கு இருந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது. 1936 யூலை 10ஆந் திகதி தைலசீனுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 59 நாட்களின் பின், செப்டெம்பர் 7ஆந் திகதி, அறியப்பட்ட இறுதி விலங்கு ஹோபார்ட் நகர மிருகக்காட்சிச்சாலையில் இறந்தது.

அதே மிருகக்காட்சிச்சாலையில் 1933 டிசெம்பரில் டேவிட் பிளே எடுத்த குறுகிய சலனப்படம் எஞ்சியுள்ளது. விலங்கு அங்குமிங்கும் நடக்கின்றது. வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகின்றது. கூண்டின் கம்பிவலை கண்ணுக்குப் புலனாகின்றது. பரெலின் படத்தையும் பிளேயின் படத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். இரண்டும் காட்டிலே எடுக்கப்பட்டவையல்ல. எனினும் ஒன்று பொய்யாகவும் மற்றையது விலைமதிப்பற்ற ஆவணமாகவும் நிற்கின்றன. தென்னாபிரிக்காவில் குடியேறிய வெள்ளையர் தோலுக்காகவும் மேய்ச்சல் நிலத்துக்காகவும் வேட்டையாடி ஒழித்த குவாக்கா என்னும் வரிக்குதிரை இனத்தின் உயிருள்ள தோற்றமும், 1863க்கும் 1870க்கும் இடையில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் எடுக்கப்பட்ட சில படங்களால் மாத்திரமே நமக்குக் கிட்டுகின்றது. ஆகவே சிறைப்பட்ட விலங்கைப் படம்பிடித்தலையே முற்றாக நிராகரிக்கும் தூய்மைவாதம் ஏற்புடையதன்று.

4

நமது நூற்றாண்டிலே பெரும் சர்ச்சையைக் கிளப்பிய படம் ஓநாய் ஒன்றைப் பற்றியது. இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையும் பிபிசி வனவிலங்குச் சஞ்சிகையும் இணைந்து நடத்திய போட்டியில் 2009ஆம் ஆண்டுக்குரிய முதற்பரிசு ஸ்பானியப் புகைப்படக் கலைஞர் ஒருவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகை 10,000 பவுண். இரவு வேளையிலே மரப் படலையொன்றைத் தாண்டிப் பாயும் ஐபீரிய ஓநாயை அப்படம் காட்டியது. கதைப்புத்தக ஓநாய் என்ற பொருள்பட அதற்குத் தலைப்பிடப்பட்டிருந்தது. அது மட்றிட் நகருக்கு அண்மையிலுள்ள விலங்குப் பூங்காவொன்றின் பழக்கப்பட்ட ஓநாயாக இருத்தல் கூடும் என்று ஸ்பெயினிலிருந்தே ஐயங்கள் எழுந்தன. விசாரித்த நடுவர்கள், வாடகைக்கு அமர்த்தப்படும் விலங்குகளின் படங்களைப் போட்டி விதிகள் அனுமதிப்பதில்லை என்று கூறி, 2010 ஜனவரியில் பரிசை மீளப் பெற்றனர். படம்பிடித்தவர் குற்றச்சாட்டை முற்றாக மறுத்தார்.

அவரது நேர்மை பற்றித் தீர்ப்புக் கூறுதல் நமது நோக்கமன்று. அப்படம் ஏன் அவ்வளவு பேரை வசீகரித்தது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டியது. படலை என்பது தனியுடைமையின் எல்லை. அதனைத் தாண்டும் ஓநாய், உடைமை உலகின் கட்டுக்களை மீறும் சுதந்திரத்தின் குறியீடாகக் காட்சியளிக்கின்றது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே கட்டுண்ட நகரவாசி அப்பாய்ச்சலிலே தன் நிறைவேறாத ஆசையைக் காண்கின்றான். நடுவர்களின் முடிபு சரியெனக் கொண்டால், சுதந்திரத்தின் அக்குறியீடு கட்டணத்துக்குப் பாயக் கற்பிக்கப்பட்ட விலங்கினால் உருவாக்கப்பட்டதாகும். சுதந்திரத்தையும் உற்பத்தி செய்து விற்கும் ஆற்றல் சந்தைக்கு உண்டு என்பதற்கு இதனினும் கூர்மையான உதாரணம் கிடைத்தல் அரிது.

அமெரிக்காவின் மொன்டானா போன்ற மாநிலங்களில் இவ்வுற்பத்தி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மலைச்சிங்கம், ஓநாய், நரிக்குட்டி முதலானவற்றை வளர்த்து, குறித்த கட்டணத்துக்குப் பனிமூடிய சரிவுகளில் புகைப்படக்காரர் முன் நடமாடவிடும் பண்ணைகள் அங்குத் தோன்றின. அங்கு எடுக்கப்பட்ட படங்கள் நாட்காட்டிகளிலும் சஞ்சிகைகளிலும் இடம்பெற்றபோது பண்ணையின் சுவடு பெரும்பாலும் இருக்கவில்லை. சலனப்படத் துறையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்டு ஒஸ்கார் பரிசும் பெற்ற ‘வெண்ணிற வனம்’ என்ற பொருளுடைய ஆவணப்படத்தில், லெமிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்வதாகக் காட்டப்பட்டது. விலைக்கு வாங்கி வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவ்விலங்குகள் படப்பிடிப்புக் குழுவினராலேயே நீருக்குள் தள்ளப்பட்டன என்பதை 1982இல் கனடியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அம்பலப்படுத்தியது. ஆயினும் லெமிங்கின் தற்கொலை இன்றும் உவமையாக வழங்குகின்றது. மனிதர் செய்த கொலை விலங்கின் இயல்பாக மாற்றப்பட்டுவிட்டது. சமூக உறவொன்றை இயற்கை நியதியாகக் காட்டுவதே கருத்துநிலையின் முதன்மையான பணி என்று மார்க்சியர் கூறுவதன் உட்பொருள் இதுவேயாகும்.

5

பயிற்றப்பட்ட வேட்டைப் பறவைகளின் நிலை சற்று வேறுபட்டது. இங்கே மறைக்கப்படுவது கூண்டு மாத்திரமன்று. ஒரு தொழிலும் அதைச் செய்யும் மனிதரும் மறைக்கப்படுகின்றனர்.

வல்லூறைப் பழக்குதல் பழமையும் நுட்பமும் மிக்க தொழில். 13ஆம் நூற்றாண்டிலே இரண்டாம் பிரடெரிக் பேரரசன் பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை பற்றி இலத்தீன் மொழியிலே பெருநூல் ஒன்று யாத்தான். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. பழக்குநர் பறவையை நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பர். எடை கூடினால் அது திரும்பி வராது, குறைந்தால் நலிந்துவிடும். பறக்கவும் வேண்டும், மீளவும் வேண்டும் என்ற அந்த நுண்ணிய இடைவெளியில் பசியை நிறுத்திவைப்பதே இத்தொழிலின் இரகசியம். காலிலே தோல்வார், சிறு மணி, கண்களை மூடும் தோற்குல்லா, கையுறையில் இறைச்சித் துண்டு என்பன அதன் கருவிகள்.

பிரடெரிக்கின் நூலுக்கு எழுந்த ஓவியப் பிரதிகளிலே பழக்குநரும் அவர்தம் கருவிகளும் நுணுக்கமாக வரையப்பட்டுள்ளனர். முகலாய ஓவியங்களில் அரசிளங்குமரன் கையுறை அணிந்த கையிலே வல்லூறை ஏந்தி நிற்பான். அப்பறவையைப் பழக்கிய ஊழியர் அங்கே காணப்படாமல் விடப்படுவதுமுண்டு. நிலவுடைமைக் கலையும் உழைப்பை மறைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆயின் பறவை ஆளப்படுகின்றது என்பதை அக்கலை மறைக்கவில்லை. ஆளுதலே அதற்குப் பெருமையாக இருந்தது.

இன்று பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் பறவை நிலையங்கள் புகைப்பட நாட்களை ஒழுங்கு செய்கின்றன. கட்டணம் செலுத்தியோர் வரிசையாக நிற்பர். பாசி படர்ந்த மரக்குற்றியொன்று நாட்டப்பட்டிருக்கும். அதன் மறுபுறத்தில் இறைச்சித் துண்டு வைக்கப்பட்டிருக்கும். பழக்குநர் சீழ்க்கையடித்ததும் கூகையோ வல்லூறோ குறித்த பாதையிலே பறந்து குற்றியில் அமரும். காலின் வார் தெரியாத கோணம் தேர்ந்தெடுக்கப்படும். தெரிந்துவிடின் பின்னர் கணினியிலே அழிக்கப்படும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய ஹரிஸ் பருந்து இங்கிலாந்தின் தோப்பொன்றிலே இயல்பாக வாழ்வது போன்ற படங்கள் இவ்வாறு உருவாகின்றன. அப்படங்களுள் சில ஒளியமைப்பிலும் இறகுகளின் துல்லியத்திலும் வியக்கத்தக்கன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின் அவ்வியப்புக்குக் காரணமான உழைப்பிலே பெரும்பங்கு எவருடையது? பல மாதங்கள் அப்பறவையோடு கழித்த பழக்குநரின் பெயர் படத்தின் கீழே வருவதில்லை.

நம் நாட்டின் பின்னவலையிலும் இந்நிலையைக் காணலாம். 1975இல் வனசீவராசிகள் திணைக்களத்தால் தொடங்கப்பட்டு 1978இல் தேசிய மிருகக்காட்சிச்சாலைகள் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்ட யானைகள் சரணாலயம் அது. மா ஓயாவிலே நீராடும் யானைக் கூட்டத்தின் படம் சுற்றுலா விளம்பரங்கள் மூலம் உலகமெங்கும் சென்றுள்ளது. ஆற்றங்கரையில் நிற்கும் பாகனும் அவனது அங்குசமும் யானையின் காற்சங்கிலியும் அப்படங்களின் சட்டகத்துள் வருவது குறைவு. விளம்பரத்துக்கு வேண்டியது காட்டின் யானை. கூலிக்கு உழைக்கும் பாகன் அக்காட்சிக்கு இடையூறு.

இவற்றோடு கேர்ட்டன் சகோதரர்களின் பணியை ஒப்பிடுதல் பொருத்தமாகும். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் கிராமமொன்றிலே பிறந்த ரிச்சர்ட், செரி ஆகிய இருவரும் பறவைகளின் கூடுகளை அவை இருந்த இடத்திலேயே படம்பிடித்தவர்கள். 1895இல் அவர்கள் வெளியிட்ட நூல் புகைப்படங்களை மாத்திரமே கொண்டு விளக்கப்பட்ட முன்னோடி இயற்கை நூலாகும். பறவை அஞ்சாதிருக்கும் பொருட்டு உள்ளீடற்ற செயற்கை எருதொன்றைச் செய்து அதனுள் மறைந்திருந்தும் அவர்கள் படமெடுத்தனர். குறிப்பிடத்தக்கது யாதெனில், தாம் பாறைச் சரிவுகளிலே கயிற்றில் இறங்குவதையும், ஒருவர் தோள்மீது மற்றவர் ஏறி நின்று படமெடுப்பதையும் தமது நூல்களிலே படங்களாகச் சேர்த்தமையாகும். படத்தோடு படம் உருவான விதத்தையும் அவர்கள் வாசகருக்கு அளித்தனர். அவர்களும் தந்திரம் செய்தனர். ஆனால் தந்திரத்தை மறைக்கவில்லை.

இதனால் வாடகைக்குப் பறவையைப் படம்பிடிப்பவரைத் தனிமனிதராக நாம் பழிக்க வேண்டியதில்லை. வாரத்திலே ஒருநாள் ஓய்வு பெறும் ஊழியன் மூன்று வாரம் மறைவிடத்திலே காத்திருத்தல் எவ்வாறு இயலும்? தன் ஓய்வு நேரத்தைச் சந்தை குறுக்கிவிட்டதனால், அதே சந்தையிடம் அவன் இயற்கையை மணிக்கணக்கில் வாங்குகின்றான். ஆயின் அவன் வாங்கிய படம் காட்டுப்படமாக வெளிவரும்போது இருவர் நட்டமடைகின்றனர். உண்மையாகவே காட்டில் உழைத்தவரின் படம் மதிப்பிழக்கின்றது. அருகிவரும் உயிரினம் எளிதிற் காணத்தக்கதாய் வாழ்ந்துகொண்டிருக்கின்றது என்ற பொய்யான ஆறுதல் வாசகரிடம் பரவுகின்றது. காடு அழிக்கப்படுவதை எதிர்ப்பவருக்கு அவ்வாறுதல் பெருந்தடையாகும்.

6

தொடக்கத்திலே எழுப்பிய அழகியற் பிரச்சினைக்கு இப்பொழுது மீளலாம். புகைப்படம் தன்னளவில் யதார்த்தத்தைத் தந்துவிடும் என்ற எடுகோளை மேற்காட்டிய உதாரணங்கள் மறுக்கின்றன. ஓநாயின் ஒவ்வொரு மயிரும் அப்படத்திலே துல்லியமாயிருந்தது. பரெலின் தைலசீனும் கோழியும் பொருள்வகையில் உண்மையானவையே. மேற்பரப்பு சரியாயிருந்தும் முழுமை பொய்யாயிற்று. பெருந் தொழிற்சாலையொன்றின் புகைப்படம் அங்கு நிலவும் உறவுகள் பற்றி அநேகமாக எதனையும் சொல்லாது என்ற பிரெக்டின் கருத்தை வால்டர் பென்ஜமின் 1931இல் எடுத்தாண்டு, இனிமேல் படக்குறிப்பே படத்தின் இன்றியமையாத உறுப்பாகும் என்று வாதிட்டார். தொழிற்சாலைக்குப் பொருந்தும் இக்கூற்று கூகைக்கும் பொருந்துகின்றது.

1936இல் லூக்காச், ஸோலாவின் ‘நானா’விலும் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’விலும் வரும் குதிரைப் பந்தயங்களை ஒப்பிட்டு, விவரித்தலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். முன்னதிலே பந்தயம் பார்வையாளனின் கண்ணுக்கு நிறைவான காட்சியாக நின்றுவிடுகின்றது. பின்னதிலே அது மாந்தரின் வாழ்வோடு பிணைந்த நிகழ்ச்சியாகின்றது. இவ்வேறுபாட்டை நமது பொருளுக்கும் ஏற்றலாம். கம்பியும் வாரும் பழக்குநரும் நீக்கப்பட்ட துல்லியமான படம் இயற்பண்புவாதத்தின் எல்லையிலே நின்றுவிடுகின்றது. அவற்றைத் தன்னுள்ளே கொண்ட படமோ, தன் குறிப்பினால் அவற்றை மீட்டுத் தரும் படமோ, யதார்த்தவாதத்தை நோக்கி ஓரடி வைக்கின்றது. பிளேயின் குறுகிய படம் அழகியலில் எளியதாயினும், ஓர் இனத்தின் இறுதி நாட்கள் எத்தகைய உறவுகளுக்குள் கழிந்தன என்பதைக் கம்பிவலையின் மூலமே நமக்குச் சொல்கின்றது. வலை நீக்கப்பட்டிருந்தால் அழகிய விலங்கொன்று மாத்திரமே எஞ்சியிருக்கும்; அதற்கு நேர்ந்தது தெரிந்திராது.

எனவே இவ்வகைப் படங்களை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை முன்வைத்தல் வேண்டும் எனக் கருதுகிறோம். இவ்விலங்கு எவருடைய பொறுப்பில், எவ்வாறு இங்கு வந்தது? இக்காட்சியை உருவாக்கியதில் எவரெவருடைய உழைப்பு அடங்கியுள்ளது? சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது யாது, அது விடப்பட்டதனால் எவருக்கு நன்மை? சிறைப்பட்டது என்ற ஒரு சொல்லைப் படக்குறிப்பில் சேர்த்தல் முதற்படியாகும். போட்டிகள் சில அதனை விதியாக்கியுள்ளமை வரவேற்கத்தக்கது. ஆயின் அச்சொல்லோடு பழக்குநரின் பெயரும், விலங்கு வந்த வழியும், அதன் காட்டுக்கு நேர்ந்த கதியும் சேரும்போதே குறிப்பு முழுமையடையும்.

புனைகதைத் திறனாய்வில் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினாக்களும் இவையேயாகும். தேயிலைத் தோட்டத்தின் பசுமையை வருணிக்கும் கதையிலே கொழுந்து பறிப்பவரின் லயம் ஏன் இடம்பெறவில்லை என்று கேட்கத் தெரிந்த வாசகர், கிளையிலே தனித்திருக்கும் கம்பீரமான இராசாளியின் படத்தைப் பார்த்து அதன் காலிலிருந்த வார் எங்கே என்று கேட்கவும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.